நடுக்கோடு

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை நாஞ்சில் நாட்டார் எவருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிற மாவட்டத்து மாணவர்களுக்காகச் சில சொற்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிந்துபோவதற்குச் சற்று முன்னர், தோவாளைக்கும் முப்பந்தலுக்கும் இடையே விலகி வழிவிடுகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நெருக்குண்டு விரைவு கொள்கிறது. அங்குள்ள மரங்கள் கிழக்குப் பக்கமாகவே சாய்ந்து வளர்ந்திருக்கும். இன்று அதே இடத்தில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையும் காற்று வரும் திசையை நோக்கி மெல்லத் திரும்பிக்கொள்வதைச் சாலையில் செல்வோர் காணலாம்.

என் பள்ளிப் பருவத்தில் காற்றாலைகள் இல்லை, காற்று இருந்தது. காவல்கிணற்றைத் தாண்டிப் பணகுடி நோக்கி வடக்கே சைக்கிள் மிதித்தால், காற்று இடப்பக்கத்திலிருந்து அறையும். உடலை இடப்புறம் சாய்த்து ஈடுகட்டியபடியே செல்வோம். ஒரு பாறையோ வீடோ குறுக்கே வந்து காற்றை ஒரு கணம் மறைத்துவிட்டால், ஈடுகட்டிய அந்தச் சாய்வே சைக்கிளை இடப்புறமாக இழுக்கும். பாறையைக் கடந்ததும் காற்று மீண்டும் அறையும். வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டிகள் பட்ட பாடு இதைவிடப் பெரிது. பாரம் பின்புறம் மிகுந்த வண்டியில் காற்று வைக்கோலைப் பற்றித் தள்ளும்; வண்டியின் முகம் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும்; மாடுகள் விழித்துக்கொண்டு நிற்கும்.

பிற்காலத்தில் வானூர்தி ஓட்டக் கற்று, பின்னர் அதைக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டபோது, இந்தச் சைக்கிளும் வைக்கோல் வண்டியும் எனக்குப் பலமுறை நினைவுக்கு வந்தன. வானூர்தி என்றால் பலர் வானத்தையே எண்ணுகிறார்கள். மேலெழுவதற்கு முன் அது தரையில் ஓடும் அரை நிமிடத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. வானத்துக்காகப் படைக்கப்பட்ட ஒன்று, அந்த அரை நிமிடத்தில், தனக்குப் பொருந்தாத ஒரு வண்டியாக ஓட வேண்டியிருக்கிறது. அது நேராக ஓடுவது இயல்பு என்று எண்ணிவிடக் கூடாது. சிறிய வானூர்திகள் ஓடுபாதையில் திசை தவறிப் புல்வெளியில் இறங்குவதும், ஒரு சக்கரத்தின்மேல் சுழன்று உடைவதும் வானூர்தி தோன்றிய காலம் முதல் இன்றுவரை நடந்துவருகின்றன.

நான் கற்ற வானூர்தியின் பெயர் புஷ்பக். பெங்களூரு இந்துஸ்தான் வானூர்தித் தொழிற்சாலை செய்தது. 1958-இல் முதன்முதலாகப் பறந்தது. இருவர் அமரலாம். 90 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். மரமும் உலோகக் குழாயும் துணியும் சேர்ந்த எளிய உடல். ஒரு தலைமுறை இந்தியர்கள் பறக்கக் கற்றது இதில்தான். அதற்கு முன்பக்கம் இரண்டு பெரிய சக்கரங்கள். வாலின் அடியில் ஒரு சிறு சக்கரம். நின்றிருக்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுபவருக்கு முன்னுள்ள ஓடுபாதை தெரியாது. இரு ஓரங்களையும் கடைக்கண்ணால் பார்த்தே நடுவை அறிய வேண்டும்.

வாற்சக்கர வானூர்தி ஏன் நேராக ஓட மறுக்கிறது என்பதை இயற்பியல் படிக்கும் நீங்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். அதன் ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு கைவண்டியை இழுத்துக்கொண்டு ஓடுங்கள். அது உங்கள் பின்னால் ஒழுங்காக வரும். அதையே தள்ளிக்கொண்டு ஓடுங்கள். சிறிது கோணினாலும் மேலும் கோணிக்கொண்டே போகும். வாற்சக்கர வானூர்தி தள்ளப்படும் வண்டி. மூக்கு ஒரு பாகை திரும்பினால், பின்னாலுள்ள எடை தன் நிலைமத்தால் பழைய திசையிலேயே செல்ல முயன்று, அந்தத் திருப்பத்தை இரண்டு பாகையாக்கும், பிறகு நான்காக்கும். முடிவில் வால் முன்னுக்கு வந்துவிடும். இதற்கு விமானிகள் ‘கிரவுண்ட் லூப்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள், தரைச்சுழல் எனலாம்.

இது போதாதென்று எஞ்சினும் தன் பங்குக்குத் திருப்புகிறது. ஓட்டுபவரின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுழலும் விசிறி, தான் பின்னுக்குத் தள்ளும் காற்றையும் திருகுசுருளாக அனுப்புகிறது. அந்தச் சுருள் வாலிலுள்ள செங்குத்துத் தகட்டை இடப்பக்கத்திலிருந்து தாக்கும். மூக்கு இடப்புறம் போகும். வால் தாழ்ந்திருக்கையில் விசிறியின் கீழிறங்கும் வலப்பக்க அலகு கூடுதலாகக் காற்றைக் கடிக்கும். அதனாலும் மூக்கு இடப்புறம் போகும். எஞ்சின் விசையை முழுதும் கொடுக்கும் கணத்தில் இவை எல்லாம் ஒன்றுசேர்கின்றன. அதே கணத்தில், இவற்றை எதிர்க்க வேண்டிய சுக்கான் ஏறத்தாழ உயிரற்றுக் கிடக்கிறது. விரைவாகப் பாயும் காற்று பட்டால்தானே சுக்கானுக்கு வலிமை? ஓட்டத்தின் தொடக்கத்தில் அந்தக் காற்று போதுமான அளவுக்கு இல்லை.

இவற்றோடு பக்கக்காற்றும் சேர்ந்தால், காற்றுத்திசைகாட்டிச் சேவலைப் போல வானூர்தி மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பப் பார்க்கும். இடப்பக்கக் காற்றாயின் எஞ்சினும் காற்றும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும். ஓடுபாதையின் ஓரத்தில் உயரமான கொட்டகை இருந்தால் அது பணகுடிச் சாலைப் பாறையின் வேலையைச் செய்யும்.

இதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். 30 மீட்டர் அகலமுள்ள ஓடுபாதையின் நடுக்கோட்டில் மணிக்கு 72 கிலோமீட்டர் விரைவில் ஓடுகிறோம். அதாவது நொடிக்கு 20 மீட்டர். மூக்கு 10 பாகை திரும்பி அப்படியே நின்றாலும், நொடிக்கு மூன்றரை மீட்டர் வீதம் ஓரத்தை நோக்கிச் செல்வோம். 15 மீட்டரைக் கடக்க நான்கு நொடியும் சிறிதும் போதும். கோணம் நிற்காமல் வளர்வதால் உண்மையில் கிடைப்பது அதனினும் குறைவு.

என் ஆசிரியர் இவ்வளவு விளக்கவில்லை. ஓடுபாதையின் மறுகோடியில் நின்ற ஒரு வேப்பமரத்தைக் காட்டி, அதைப் பார்த்துக்கொண்டே கால்களை உயிரோடு வைத்திரு என்றார். சுக்கான் கால்மிதிகளால் இயங்குவது. வலக்கால் சிறிது, இடக்கால் சிறிது, மீண்டும் வலக்கால் என்று இரண்டும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வானூர்தி ஆணி அடித்தாற்போல நேராக ஓடும். உள்ளே கால்கள் தறி மிதிப்பதைப் போல வேலை செய்துகொண்டிருக்கும்.

கால்களை உயிரோடு வைப்பதன் பொருளை நான் முன்பே வேறிடத்தில் கேட்டிருந்தேன். என் பாட்டனார் சுசீந்திரம் தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர்களுள் ஒருவர். மார்கழித் திருவிழாவில் தாணுமாலயன் தேர் வீதி வரும் நாளன்று, வடம் பிடிப்போரின் ஆரவாரத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். தேருக்குச் சுக்கான் கிடையாது. மரச்சக்கரங்களின் அச்சும் திரும்பாது. வலவடத்தார் ஓங்கி இழுத்தால் தேரின் முகம் இடப்புறம் போகும்; இடவடத்தார் ஓங்கினால் வலப்புறம் போகும். இரண்டு வடங்களையும் நூற்றுக்கணக்கானோர் ஒரே அளவாக இழுப்பது நடவாத செயல். ஆகவே சக்கரத்தை ஒட்டி நடந்துகொண்டே, எந்தச் சக்கரத்தைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டுமோ அதன் அடியில் முட்டுக்கட்டையைச் செருகி எடுக்க வேண்டும். கை போனால் போனதுதான். மாடவீதி வீடுகளின் திண்ணையில் தேர் ஏறாமல் இருப்பது அந்தச் சில பேரின் கையில் இருந்தது. ஒருமுறை அவரிடம், தேர் திரும்புவதைப் பார்த்துத்தானே கட்டை கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “தேரு திரும்பின பொறவு கொடுத்து என்ன மக்கா செய்ய? திரும்பணும்னு அது நினைக்கயில கொடுக்கணும்” என்றார். திரும்பிய பின் கொடுக்கும் கட்டை பெரிதாக இருக்க வேண்டும். பெரிய கட்டை தேரை மறுபக்கம் எறிந்துவிடும்.

பிற்காலத்தில் நான் வாசித்த விபத்துகளுள் ஒன்று இந்தச் சொற்களின் விளக்கவுரையாகவே எனக்குத் தோன்றியது. அது நடந்தது 1937 மார்ச் 20 அன்று, பசிபிக் பெருங்கடல் நடுவே, ஹவாய்த் தீவுகளில் உள்ள லூக் களத்தில். வானூர்தியை ஓட்டியவர் அமெலியா இயர்ஹார்ட். 1932-இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே பறந்து கடந்த முதல் பெண். 1935-இல் ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தனியே பறந்தவர். இப்போது நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றிவரப் புறப்பட்டிருந்தார். கலிபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து ஹவாய் வரை முதற்கட்டம் முடிந்துவிட்டது. அடுத்தது ஹவ்லண்ட் என்னும் தீவு. இரண்டரைக் கிலோமீட்டர் நீளமும் தேறாத அந்த மணல்திட்டைப் பெருங்கடலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே ஹாரி மேனிங், பிரெட் நூனன் என்னும் இரு வழிகாட்டிகள் உடன் இருந்தார்கள். மேனிங் கப்பல் தலைவர். வானொலிக் கருவியையும் கையாளத் தெரிந்தவர்.

வானூர்தி லாக்ஹீட் எலெக்ட்ரா. இறக்கைக்கு ஒன்றாக 600 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டு, வாற்சக்கர வகை. பயணிகள் இருக்கைகளை எடுத்துவிட்டு எரிபொருள் கலங்களை வைத்திருந்தார்கள். அன்று அதில் நிரப்பப்பட்டது ஏறத்தாழ 900 அமெரிக்க காலன், அதாவது 3,400 லிட்டர். பின்பாரம் மிகுந்த வைக்கோல் வண்டியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வைக்கோலுக்குப் பதில் பெட்ரோல்.

விடியலில் ஓட்டம் தொடங்கியது. விரைவு கூடிவருகையில் எலெக்ட்ரா சற்றே வலப்புறம் விலகியது. இயர்ஹார்ட் இட எஞ்சினின் விசையைக் குறைத்தார். ஒரு வடத்தைத் தளர்த்துவதைப் போன்றது இது. வானூர்தி உடனே இடப்புறம் திரும்பத் தொடங்கியது, திருப்பம் நிற்கவில்லை. எடை முழுவதும் வெளிப்புறமிருந்த வலச் சக்கரத்தின்மேல் சாய்ந்தது. அதன் கால் முறிந்தது. தொடர்ந்து மற்றதும் மடங்கியது. விசிறிகள் தரையில் மோதி வளைந்தன. வயிற்றால் தேய்ந்தபடி, தீப்பொறி சிதற, வானூர்தி வந்த திசையையே பார்த்தாற்போல் நின்றது. இயர்ஹார்ட் எஞ்சின்களின் தீமூட்டு மின்சாரத்தை அணைத்துவிட்டார். அத்தனை எரிபொருள் இருந்தும் தீப்பற்றவில்லை. மூவருக்கும் காயமில்லை.

எதனால் நேர்ந்தது? வலச் சக்கரத்தின் டயர் வெடித்ததாகச் சிலர் பார்த்ததாகச் சொன்னார்கள். இயர்ஹார்ட்டும் டயர் போயிருக்கலாம் என்றே எண்ணினார். அவருக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்த விமானி பால் மான்ட்ஸ், எஞ்சின் விசைகளை மாற்றிமாற்றிக் கையாண்டதே காரணம் என்றார். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. பெண்ணொருத்தி ஓட்டியதால் கூடுதலாகப் பேசப்பட்டது என்பதும் என் எண்ணம். அக்காலத்தில் இதே விதமாகச் சுழன்று உடைந்த வானூர்திகளை ஓட்டிய ஆண்களைப் பற்றி யாரும் நூல் எழுதவில்லை. விமானப் பயிற்சியாளனாக எனக்கு அந்த வழக்கில் ஈடுபாடு குறைவு. டயரோ கையோ, எதுவாயினும், முதல் விலகல் சிறியது. அதற்குக் கொடுக்கப்பட்ட ஈடு அதைவிடப் பெரியதாக முடிந்தது. விசையைக் குறைத்த எஞ்சினிடமிருந்து மறுமொழி வருவதற்குள் சில கணங்கள் கழிந்துவிடுகின்றன. அது வந்து சேரும்போது வானூர்தி வேறு எதையோ செய்துகொண்டிருக்கிறது.

எங்கள் களம் ஒன்றில் ஒரு பிற்பகலில் இதன் சிறு வடிவத்தை நான் வலப்பக்க இருக்கையிலிருந்து கண்டேன். மாணவர் நன்றாகப் பயின்றவர். கொட்டகையின் மறைவைக் கடந்ததும் காற்று அடித்தது. மூக்கு இடப்புறம் போயிற்று. அவர் வலக்காலை முழுதும் மிதித்தார். அடுத்து அது எங்கே போகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எஞ்சின் விசையை முழுதும் இழுத்துக் குறைத்து, ஓட்டத்தையே கைவிட்டேன். புல்லில் முப்பது நாற்பது மீட்டர் குலுங்கி ஓடி நின்றோம். விசிறிக்கும் சேதமில்லை. எஞ்சின் நின்ற அமைதியில் அவர் கேட்ட முதல் கேள்வி, மேலே எழுந்திருக்க முடியாதா என்பது. இந்த ஆசைதான் பலரைக் கொன்றிருக்கிறது. தரையில் கோணலாக ஓடும் வானூர்தியைப் போதிய விரைவு வருமுன் வலிந்து மேலே இழுத்தால், அது சில அடி எழும்பி, ஓர் இறக்கை தாழ்ந்து, பக்கவாட்டில் விழும். தரைச்சுழலில் சக்கரக்காலும் விசிறியும் போகும். அவற்றைக் கடையில் வாங்கலாம்.

பழைய விமானிகளுக்கு நம்மைவிட ஒரு வசதி இருந்தது. தொடக்ககால விமானக் களங்கள் பெரும்பாலும் அகன்ற வெளிகள். தார்ச்சாலை போன்ற ஓடுபாதை இல்லை. காற்று எத்திசையில் வீசினாலும் அதற்கு முகம் கொடுத்து ஓடலாம். பக்கக்காற்று என்ற தொல்லையே எழாது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்ததும், நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றதும் அத்தகைய களங்களிலிருந்துதான். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த அந்நாளில், 1935 நவம்பர் 1 அன்று திருவனந்தபுரத்துக்கும் அந்தச் சேவை வந்தது. வானூர்திகளின் எடை கூடக் கூட, மண்தரை தாங்காமல் கெட்டியான ஓடுபாதைகள் வந்தன. ஓடுபாதைக்கு இரண்டே திசை. காற்றுக்கு அப்படிக் கட்டுப்பாடு ஏதுமில்லை. திருவனந்தபுர ஓடுபாதையின் இரு முனைகளிலும் 14 என்றும் 32 என்றும் எழுதியிருப்பார்கள். வடக்கிலிருந்து முறையே ஏறத்தாழ 140 பாகை, 320 பாகை என்பது அவற்றின் பொருள். அவ்வூர்க் காற்றை ஆராய்ந்து கீறிய கோடு அது. இக்காலச் சிறு வானூர்திகளில் பெரும்பாலானவற்றுக்குச் சக்கரம் மூக்கின் அடியில் இருக்கிறது. ஈர்ப்பு மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் வந்துவிட்டதால், இழுக்கப்படும் வண்டியைப் போல அவை தாமே நேராக முயல்கின்றன. எஞ்சினின் திருகலும் பக்கக்காற்றும் இன்னும் போகவில்லை; கால்கள் சோம்பினால் அவையும் புல்லுக்குப் போகும்.

எலெக்ட்ரா கப்பலில் ஏற்றப்பட்டுக் கலிபோர்னியாத் தொழிற்சாலைக்குத் திரும்பியது. செப்பனிட்டு முடிவதற்குள் வசந்தம் கழிந்துவிட்டது. உலகின் காற்றோட்டங்கள் மாறிவிட்டதால், மேற்கு நோக்கிச் செல்லவிருந்த பயணத்தைக் கிழக்கு நோக்கித் திருப்பினார்கள். மேனிங் தம் கப்பற்பணிக்குப் போய்விட்டார். நூனன் மட்டும் உடன்வர, ஜூன் 1 அன்று இயர்ஹார்ட் மயாமியிலிருந்து புறப்பட்டார். எளிதான தொடக்கத்தில் வர வேண்டிய பசிபிக் பெருங்கடல் இப்போது களைத்த கடைசிக்குப் போயிற்று.

தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா கடந்து ஜூன் 15 அன்று கராச்சி; 17 அன்று கல்கத்தாவின் டம்டம். எங்கள் கணவாயில் வீசும் அதே தென்மேற்குப் பருவக்காற்றை அவர் சந்தித்தது இங்கேதான். இரவெல்லாம் பெய்த மழையில் களம் சேறாகிவிட்டது. மேலும் மழை வந்தால் பல நாள் முடங்க நேரிடும். எனவே மறுநாள் காலையிலேயே புறப்பட்டார்கள். ஒட்டிப் பிடிக்கும் மண்ணில் சக்கரங்கள் நெடுநேரம் விடுபடாமல் ஓடி, எலெக்ட்ரா களத்தின் ஓரத்து மரங்களை மயிரிழையில் கடந்து எழுந்தது. பர்மாக் கரையில் பருவமழை இறக்கைகளின் முன்விளிம்பு வண்ணத்தை உரித்தது. ஒருமுறை திரும்பி வரவும் வைத்தது. பிறகு ரங்கூன், சிங்கப்பூர், ஜாவா, ஆஸ்திரேலியாவின் டார்வின், நியூகினியின் லே.

லே களத்தில் புல்வெளி ஓடுபாதை, அதன் நீளம் ஏறத்தாழ 900 மீட்டர், மறுகோடியில் கடல். அடுத்த இடம், மார்ச்சில் அடையாமல் போன அதே ஹவ்லண்ட். இம்முறை 4,100 கிலோமீட்டர் தொலைவு. கலங்களில் ஏறத்தாழ 1,100 காலன். லூக் களத்தில் இருந்ததைவிட 200 காலன் மிகுதி. ஜூலை 2 காலை அந்த ஓட்டத்தை ஒருவர் படச்சுருளில் பதிவுசெய்திருக்கிறார். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வானூர்தி பாரத்தோடு மெல்ல நகர்கிறது, விரைவு கொள்கிறது, வால் எழுகிறது. இடமோ வலமோ ஓர் அசைவும் தெரியவில்லை. புல்வெளி முடியும் இடத்தில் தரையை விட்டு, கடலின்மேல் தாழ்வாகவே பறந்து, சிறிதாகிக்கொண்டே போகிறது. ஹவ்லண்ட் அருகே காத்திருந்த ‘இட்டாஸ்கா’ கப்பலில் அவர் குரல் மறுநாட் காலை வானொலியில் உரக்கக் கேட்டது. கப்பல் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவில்லை. அதன்பின் எலெக்ட்ராவை யாரும் பார்க்கவில்லை.